இரண்டாவது நாற்காலிக்காரர்

கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போனால் ஒரே ஒரு குவார்ட்டர், பத்தே நிமிஷம், பந்தை மறந்துவிட்டு பெஞ்சைப் பாருங்கள். அங்கே நடக்கிற கூத்துக்குத் தனியாக டிக்கெட் போடலாம்!

முதல் நாற்காலியில் தலைமைப் பயிற்சியாளர். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துக் கல்லூரிகளில் அவர் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர்தான். பிள்ளைகள் வாயில் ‘பி.டி. சார்’. அடுத்த நாற்காலியில் ஒருவர் இருக்கிறார் பாருங்கள், பாதி உட்கார்ந்து, பாதி எழுந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு! முட்டிவலி எதுவும் இல்லை. விதி அப்படி. தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் நிற்கலாம் என்கிறது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகம். சார் எழுந்தால் இவர் உட்கார வேண்டும். சார் எப்போது உட்காருவார்? 20 புள்ளி முன்னால் இருக்கும்போது. அதுவும் அரை மனசாக.

இன்னொரு விதி இதைவிட ருசி. பெஞ்சிலிருந்து யார் நடுவரைப் பார்த்து வாய் நீட்டினாலும் டெக்னிக்கல் ஃபவுல் தலைமைப் பயிற்சியாளர் கணக்கில்தான் ஏறும். அவரே கத்தி வாங்கினால் ஸ்கோர் ஷீட்டில் ‘சி’. உதவியாளர் கத்தி வாங்கிக் கொடுத்தால் ‘பி’. இரண்டு ‘சி’ விழுந்தால் சார் வெளியே போக வேண்டும். மூன்று ‘பி’ விழுந்தாலும் வெளியேதான். அதாவது ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற உத்தமரைக்கூட, பக்கத்து நாற்காலிக்காரரின் தொண்டை வெளியே அனுப்பிவிடும். அப்புறம் அணியை நடத்துவது யார்? சாட்சாத் அதே உதவிப் பயிற்சியாளர்! பதவி உயர்வுக்கு இப்படியொரு குறுக்கு வழி எந்த ஆபீஸில் இருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசிக்கோ சாத்தூருக்கோ பஸ் ஏறிப் படிக்கப் போகிற பிள்ளைகளில் யாராவது ஒருத்தர், “நான் கல்லூரி கூடைப்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போறேன்” என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? அம்மா முதலில் கேட்பது, “அது என்ன வேலைப்பா, கவர்மென்டா?” சுற்றிலும் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீஸ்களும் இருக்கிற ஊரில், பிள்ளை பட்டாசு மருந்து வேலைக்குப் போகாமல் படித்துப் பிழைக்க வேண்டும் என்பதுதான் பெற்றவர்களின் ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் பந்துக்கு இடம் உண்டா? உண்டு. ஆனால் வழி கொஞ்சம் வேடிக்கையான வழி. அதைத்தான் இப்போது பெஞ்சுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு டைம்-அவுட். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. ஒவ்வொன்றும் 60 விநாடி. மைதானத்தில் எத்தனை நட்சத்திரம் ஆடினாலும் டைம்-அவுட் கேட்கும் உரிமை இரண்டே பேருக்கு: தலைமைப் பயிற்சியாளருக்கும் முதல் உதவிப் பயிற்சியாளருக்கும். விசில் ஊதியதும் பிள்ளைகள் வந்து பொத்தென்று விழுவார்கள். வெள்ளைப் பலகையில் மார்க்கரால் சார் கோடு போடுவதைத்தான் நாம் டி.வி.யில் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் கோடு போடுவதற்கு முந்தைய பத்து விநாடி இருக்கிறதே, அது உதவியாளருடையது. சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டு வெளியே வரும். யாருக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டது (ஐந்தானால் ஆட்டம் முடிந்தது), இந்தக் குவார்ட்டரில் எதிரணி எத்தனை ஃபவுல் செய்திருக்கிறது (நாலைத் தாண்டினால் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ), இன்னும் எத்தனை டைம்-அவுட் மிச்சம், எல்லாம் அதில் இருக்கும். நோட்டின் மூலையில் வியர்வை பட்டு மை கசிந்திருக்கும். காற்றில் வலி ஸ்பிரே வாசம்.

“சார், அவங்க நாலாம் நம்பர் இடது பக்கம் வெட்டவே மாட்டேங்கான். வலதை அடைச்சாப் போதும்.”

“எவன் அடைப்பான்?”

“நம்ம ஏழாம் நம்பரைக் கேட்டுட்டேன் சார். மூச்சு இருக்காம்.”

அவ்வளவுதான். மிச்சமிருக்கிற 50 விநாடியில் சார் பலகையில் வரைவது இந்த மூன்று வரியைத்தான். கைதட்டல் பலகைக்குப் போகும்!

ஆட்டம் என்பது இந்த வேலையில் ஒரு சின்னத் துண்டு. கல்யாண வீட்டில் பந்தி கவனிக்கிற சித்தப்பாவுக்கு முகூர்த்தம் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. இவர் நிலைமையும் அதேதான். பந்தில் காற்று சரியா என்று அமுக்கிப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6-ஆம் அளவு, பை மாறிப்போனால் மானம் போய்விடும். ஜெர்சி எண்ணிக்கை பார்க்க வேண்டும். கணுக்கால் பிசகியவனுக்கு டேப் சுற்ற வேண்டும். ஆட்டம் தொடங்க 40 நிமிஷத்துக்கு முன்பே பெயர்ப் பட்டியல் ஸ்கோரர் மேசைக்குப் போக வேண்டும். பத்து நிமிஷம் இருக்கும்போது முதல் ஐந்து பேரைக் குறித்து சார் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து சாரை யாராவது முன்னாள் மாணவர் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார், அவரை நாசூக்காகப் பிய்த்து எடுப்பதும் இவர் பொறுப்பே.

இதெல்லாம் கூடச் சுகம். காகிதம் இருக்கிறதே, அதுதான் அசல் எதிரணி! மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, அதில் தேறியவர்களை வைத்துப் பல்கலைக்கழக அணி, அந்த அணி தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு, அங்கே முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டிக்கு. ஒவ்வொரு படியிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், புகைப்படத்தின் மேல் முத்திரை, முதல்வர் கையெழுத்து. வயது 25-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஒரே ஒரு பையன் அசல் சான்றிதழை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வந்தால் போதும், எட்டு மணி நேரம் ரயிலில் வந்த அணி பதினொரு பேரோடு நிற்கும். அதனால் கைதேர்ந்த உதவியாளர் ரயில் ஏறுமுன் பிளாட்பாரத்திலேயே பையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிடுவார். கூடவே வகுப்பு வாத்தியார்களிடம் ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கும் படலம். “போன மாசமும் போட்டி, இந்த மாசமும் போட்டியா? இன்டர்னல் யார் எழுதுவா?” என்று கணிதத் துறையில் கேட்பார்கள். தலையைச் சொறிந்துகொண்டு நின்று கையெழுத்து வாங்கும் கலையை எந்தப் பயிற்சி நிறுவனமும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு தலைவலியும் உண்டு. கல்லூரிப் போட்டிகள் சூடு பிடிக்கிற மாதங்களும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களும் ஒன்றே. ஆலையில் ஆள் பற்றாத நேரம். வீட்டில் காகிதக் குழாய் உருட்டவும் பெட்டி ஒட்டவும் கை வேண்டும். சாயங்காலப் பயிற்சிக்கு எவன் வரவில்லையோ அவன் சினிமாவுக்குப் போயிருக்கிறான் என்று வெளியூர்ப் பயிற்சியாளர் நினைப்பார். உள்ளூர் அண்ணனுக்குத் தெரியும், அவன் வீட்டுத் திண்ணையில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறான் என்று. திட்ட மாட்டார். காலை ஐந்தரைக்கு வரச் சொல்லிவிடுவார். தீபாவளி முடிந்து மூச்சு விட்டால் வடகிழக்குப் பருவமழை. பெரும்பாலும் கூரையில்லாத சிமென்ட் தரை. 28 மீட்டருக்கு 15 மீட்டர் தண்ணீரைத் தென்னை விளக்குமாற்றால் தள்ளி, சாக்கு போட்டு ஒற்றி எடுத்த பிறகுதான் முதல் டிரிபிள். விளக்குமாறு யார் கையில் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இத்தனையும் செய்கிறவரின் பதவி என்ன? அங்கேதான் வேடிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர் உண்டு, நூலகர் உண்டு, உடற்கல்வி இயக்குநர் உண்டு. கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர் என்று ஒரு பதவியே கிடையாது! வேலை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, விதிப்புத்தகத்தில் உரிமைகூட இருக்கிறது; சம்பளப் பட்டியலில்தான் ஆளைக் காணோம். அதனால் அந்த நாற்காலியில் யார் யாரோ உட்காருகிறார்கள். சில இடத்தில் போன வருஷம் படிப்பு முடித்த கேப்டன். சில இடத்தில் எம்.பி.எட். படிக்கிற மாணவர். கொஞ்சம் வசதியான சுயநிதிக் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் ‘கோச்’. பிள்ளைகள் இவர்களை ‘சார்’ என்று கூப்பிடுவது அபூர்வம், பெரும்பாலும் ‘அண்ணே’தான். காதல் விவகாரமும் கணுக்கால் வீக்கமும் அண்ணனிடம்தான் முதலில் போகும். சாரிடம் போவது கோப்பை மட்டும்.

கொஞ்சம் கடல் தாண்டிப் போய் எட்டிப் பார்ப்போமா? அமெரிக்கக் கல்லூரிகளில் இதே வேலைக்குப் படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் தூக்குகிற மாணவ மேலாளர், மேல்படிப்புக் கட்டணத்துக்குப் பதில் உழைக்கிற பட்டதாரி உதவியாளர், ஆட்டத்தை வெட்டி ஒட்டுகிற வீடியோ ஒருங்கிணைப்பாளர், பயணமும் சாப்பாடும் பார்க்கிற நிர்வாக இயக்குநர், அப்புறம்தான் உதவிப் பயிற்சியாளர். வீடியோ அறை என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். என்.பி.ஏ.வில் 1995-ல் மயாமி ஹீட் அணியின் வீடியோ அறைக்குள் நுழைந்த எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, 2008-ல் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளர். 2012, 2013 இரண்டு வருஷமும் கோப்பை!

ஆனால் அங்கேயும் எல்லாம் பாலும் தேனுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரு விதி போட்டது. ஒவ்வொரு அணியிலும் ஒரு உதவிப் பயிற்சியாளர் ‘வரையறுக்கப்பட்ட ஊதியக்காரர்’: வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல் கிடையாது. தலைமைப் பயிற்சியாளர்கள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. கடைசி நாற்காலிக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வழக்குப் போட்டார்கள். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. மறுவருஷம் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. எந்தக் கோப்பை இறுதியாட்டத்திலும் உதவிப் பயிற்சியாளர்கள் இப்படி ஜெயித்ததில்லை! 2023-ல் முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிகளுக்கு உதவிப் பயிற்சியாளர் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாகவும் உயர்த்திவிட்டார்கள். புதிதாக வந்த இருவருக்கு ஒரு கட்டுப்பாடு: மைதானத்தில் சொல்லிக் கொடுக்கலாம், வெளியூர் போய் ஆட்டக்காரர்களைப் பிடித்து வரக் கூடாது.

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தவர்கள் இரண்டு பேர். கனெக்டிகட் பெண்கள் அணியில் ஜீனோ ஆரியம்மா 1985-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது கூடவே வந்தவர் கிறிஸ் டெய்லி. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 2025-ல் அந்த அணி பன்னிரண்டாவது தேசியப் பட்டம் வென்றபோதும் பக்கத்து நாற்காலியில் அதே கிறிஸ் டெய்லி. 2018-ல் பெண்கள் கூடைப்பந்துப் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. வேறு எங்கேயும் முதல் நாற்காலி தேடிப் போகவில்லை. இன்னொருவர் வட கரோலினாவில் டீன் ஸ்மித்துக்குப் பக்கத்தில் 1967 முதல் 30 வருஷம் உட்கார்ந்திருந்த பில் கத்ரிட்ஜ். 1997-ல் ஸ்மித் ஓய்வு பெற்றபோது இவருக்கு வயது 60. நம்மூரில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிற வயது. முதல் சீசனிலேயே 34 வெற்றி, 4 தோல்வி! மூன்றே சீசன், அதில் இரண்டு முறை கடைசி நான்கு அணிகளுக்குள். 2000-ல் ‘போதும்’ என்று எழுந்து போய்விட்டார்.

இந்த ஆட்டத்துக்கும் உதவியாளர்களுக்கும் பிறப்பிலேயே தொடர்பு உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தபோது மாட்டியவை அடி உள்ள பீச் பழக்கூடைகள். கூடைக்குள் விழுந்த பந்து தானாகக் கீழே வராது. ஏணி போட்டு ஒருவர் ஏறி எடுத்துப் போட வேண்டும். அந்த ஏணிக்காரரைத்தான் முதல் உதவிப் பயிற்சியாளர் என்று சொல்ல எனக்கு ஆசை! நெய்ஸ்மித் பிற்பாடு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய் 55 ஜெயித்து 60 தோற்றார் என்பது உபரித் தகவல். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் மெட்ராஸுக்கு வந்து 1920-ல் ஆரம்பித்ததுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. தமிழ்நாட்டு பி.டி. சார்களின் வம்சாவளியைத் தோண்டினால் பாதிப் பேருக்கு அங்கேதான் வேர் போகும். தோண்டுவது என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. 2022-லிருந்து தொல்லியல் துறை வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் அகழாய்வு செய்ததில் சங்கு வளையல், கண்ணாடி மணிகளோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. விளையாட்டு இந்தக் கரிசலுக்குப் புதுசில்லை. அந்தக் காலத்திலும் காய் தொலைந்தால் தேடி எடுத்துக் கொடுத்த ஒரு அண்ணன் இருந்திருப்பார்.

சரி, நம் பையனுக்கு வருவோம். நன்றாக ஆடுகிறவன் இந்த வழிக்கே வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் அவன் ஆட்டக்காரனாகவே செட்டில் ஆகிவிடுவான். இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்காரர்தான். மே மாதம் பெரியகுளத்தில் பி.டி.சிதன் நினைவுக் கோப்பை ஆட்டங்களைப் போய்ப் பாருங்கள். வங்கிகளும் படைகளும் மின்விளக்கு வெளிச்சத்தில் மோதும். ஆட்டம் தெரியும், ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு இன்ச் உயரமோ ஒரு நொடி வேகமோ குறைந்துபோனவன்தான் நோட்டைக் கையில் எடுக்கிறான். அவனுக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரிகிறது என்பது என் கட்சி. ஜாம்பவான்கள் ஏன் ஜெயிக்கிறார்கள் என்று உட்கார்ந்து யோசித்தவன் அவன்.

அவன் ஏற வேண்டிய படிகள் இவை. மூன்று வருஷப் பட்டம், கல்லூரி அணி, முடிந்தால் பல்கலைக்கழக அணி, முதலமைச்சர் கோப்பையில் மாவட்டத்துக்கு ஆட்டம். பிறகு பி.பி.எட். இரண்டு வருஷம், எம்.பி.எட். இரண்டு வருஷம். பயிற்சியாளராகவே பேர் வாங்க வேண்டுமென்றால் பாட்டியாலா. 1961-ல் அங்கே அரண்மனையில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருஷ டிப்ளமோ. ‘என்.ஐ.எஸ். கோச்’ என்றால் அப்புறம் அறிமுகமே தேவையில்லை. கரிசல்காட்டு வெயிலில் வளர்ந்தவனுக்கு பஞ்சாப் ஜனவரிக் குளிரும் மூன்று வேளை ரொட்டியும் தனிப் பாடம். திரும்பி வந்ததும் தொகுப்பூதிய கோச். பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளை காலேஜ்ல என்னவா இருக்கார்?” என்று கேட்டால், கூட வந்த பெரியப்பா “பி.டி. சாருக்கு அடுத்த ஸ்தானம்” என்று சமாளிப்பார். பொய்யில்லையே!

முதல் நாற்காலி வேண்டுமென்றால் உடற்கல்வி இயக்குநர் பதவி. முதுகலையில் 55 சதவீதம், நெட் அல்லது செட் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம், கல்லூரி அல்லது பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடிய சான்று. இதெல்லாம் முடிந்து ஓய்ந்தால் மானியக் குழு கடைசியாக ஒரு காரியம் செய்யச் சொல்கிறது: ஓடு! ஆண்கள் 12 நிமிஷத்தில், பெண்கள் 8 நிமிஷத்தில், குறித்த தூரத்தை ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பிக்கிறவரை யாரும் ஓடச் சொல்வதில்லை. வெம்பக்கோட்டை அணைப் பக்கம் விடியற்காலையில் நெட் புத்தகமும் கையுமாக எவனாவது ஓடிப் பழகினால் ஆச்சரியப்படாதீர்கள்.

அந்தத் தூரப் பட்டியலைப் போட்டவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டா, அல்லது இரண்டாவது நாற்காலியில் அவரே பல வருஷம் உட்கார்ந்தாரா என்று தெரியவில்லை. ஆண்களுக்கு 30 வயதுக்குள் என்றால் 1,800 மீட்டர். 40 வரை 1,500. 45 வரை 1,200. தொகுப்பூதியத்திலேயே காத்திருந்து காத்திருந்து 50 வயதைத் தொட்டுவிட்ட அண்ணனுக்கு, வெறும் 800!